தேதி, நேரம், படகு எண்

‘கற்பனை’ என்ற சொல்லை எழுதியதும் பிரகாசிக்குக் கை நின்றுவிட்டது. எத்தனையோ மனு எழுதிய கை. விசைப்படகுச் சங்கத்துக்கு இருபத்தோரு வருஷமாக எழுத்துவேலை அவளுடையது. கலெக்டருக்கு, மந்திரிக்கு, டெல்லிக்கு, பிடிபட்டுப் போனவர்களின் பெண்டாட்டிமார் பேரில், காணாமல் போனவர்களின் தாய்மார் பேரில் என்று எழுதித் தள்ளியிருக்கிறாள், அதில் ஒன்றில்கூட இந்தச் சொல் வந்ததில்லை, மனுவில் கற்பனைக்கு என்ன வேலை. மேசைமேல் தாள் விசிறிக்காற்றில் படபடத்தது. சங்கத் தலைவர் தொபியாஸ் மாமா எதிரே உட்கார்ந்து தன் செல்போனையே அதன்மேல் பாரமாக வைத்தார். மணி பத்து இருபத்தைந்து. பதினொன்றுக்கு அக்கரையில் கோர்ட்டு கூடும், அதற்குள் இவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மாமா அதைப் படமெடுத்து அங்கேயிருக்கும் வக்கீலுக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தம்பி ரெமிஜியஸ் வரமாட்டான். இரண்டாந்தடவை பிடிபட்டவன், அதுவும் படகை ஓட்டினவன், எல்லை தாண்டியதற்கே ஒரு வருஷம் போடுவார்கள், அக்கரைக்காரன் வலையை அறுத்தான் என்பதும் சேர்ந்தால் எத்தனை வருஷம் என்று என்னாலேயே சொல்ல முடியாது என்கிறார் வக்கீல். வலை அறுத்ததற்கு என்ன சாட்சி என்றால் வேறெங்கும் போக வேண்டாம், கூடப்பிறந்த அக்காள் அச்சில் எழுதிக் கொடுத்த கட்டுரை இருக்கிறது.

“நீ எழுதுனதுதான, நீயே இல்லன்னு எழுதிரு. ஒனக்குத் தெரியாத எழுத்தா?” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும், பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ரெமியின் மனைவி ஜெனிட்டா இருந்தாள், பதினான்கு நாளாக ஒரே முகத்தோடு இருக்கிறாள், அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பிரகாசி தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கற்பனை. என் கற்பனையில் உதித்த. சேச்சே, உதித்த என்று எழுதினால் கவிதை மாதிரி இருக்கும், நீதிபதி நம்பமாட்டார். முழுவதும் என் கற்பனையே. இந்த ‘ஏ’ நல்ல ஏ, மனுவுக்கு எப்போதும் கைகொடுக்கிற ஏ. அராஜகமே, அட்டூழியமே, எங்கள் வாழ்வாதாரமே. அக்கரைக்காரனை அவள் அப்படித்தான் வருஷக்கணக்காக எழுதி எழுதி உருவாக்கினாள். நேவிக்காரனாவது யூனிபார்ம் போட்ட அந்நியன், அவனை ஏசுவதில் சிரமம் இல்லை. அக்கரை மீன்பிடிகாரன்மேல்தான் ஊருக்கு அடங்காத ஆத்திரம், நம்ம பாஷை பேசிக்கொண்டே நம்மைக் காட்டிக்கொடுக்கிறான், போனைப் போட்டு நேவியைக் கூப்பிடுகிறான், நாலு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஆட்கள் இரண்டு பேரைக் கடலிலேயே வைத்துக் கட்டையால் அடித்தான். அந்த மனுவை எழுதியது யார், இவள்தான். ‘கொலைவெறியுடன்’ என்ற சொல்லை இவள்தான் போட்டாள், அடிபட்டவர்களில் ஒருத்தன் அப்படிச் சொல்லக்கூட இல்லை, அவங்க வலை போன ஆத்திரத்துல அடிச்சாங்கக்கா என்றுதான் சொன்னான். அதை எழுதினால் மனு நிற்காது, ஆத்திரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று வந்துவிட்டால் அப்புறம் கலெக்டர் அந்தக் காரணத்தைக் கேட்பார். இவள் அதைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கொலைவெறியைப் போட்டாள். மறுநாள் பேப்பரில் அதே சொல் வந்தது, அடுத்த வாரம் ஏலக்கூடத்து டீக்கடையில் அதே சொல் பேச்சில் வந்தது, கொலவெறி புடிச்சவனுக. அப்போது பெருமையாக இருந்தது. என் சொல் நடமாடுது என்று பெருமை. ஐயோ, எவ்வளவு பெருமை.

“பேனா எழுதலையா?” என்று மாமா தன் சட்டைப்பையைத் தடவினார். எழுதுது மாமா என்றாள். எழுதத்தான் செய்கிறது, இந்தப் பேனாவுக்கு எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது, யாரைப் பற்றி என்று அது கேட்பதில்லை. ‘மேற்படி கட்டுரையில் குறிப்பிட்டுள்ள வெள்ளைக் கேன்’ என்று அடுத்த வரியை ஆரம்பித்தாள், உடனே அந்தக் கேன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இருபது லிட்டர் கேன், அடியில் பாசி பிடித்தது. ஜனவரி மாசம் ரெமி கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டான். இழுத்த மடிவலையில் மீனோடு ஒரு கட்டு அறுந்த வலையும் வந்தது, வலை தெரிவதற்காகக் கட்டியிருந்த இந்தக் கேனும் வந்தது, தண்ணி பிடிக்க ஆகும் என்று வலையை மட்டும் கடலில் தள்ளிவிட்டுக் கேனைக் கொண்டுவந்துவிட்டான். இந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் யார் சாமான் அகப்பட்டாலும், பேரோ நம்பரோ இருந்தால், ஏலக்கூடத்து மைக்கில் சொல்லுவார்கள், உடையவன் வந்து வாங்கிக்கொண்டு போவான், சண்டைக்காரன் சாமானானாலும் சொல்லித்தான் தீர வேண்டும், சொல்லாமல் வைத்துக்கொண்டவனோடு அப்புறம் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அக்கரைச் சாமானுக்கு மட்டும் மைக் கிடையாது. அதை யாரும் சட்டம் போட்டு விலக்கவில்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இவள் தேங்காய்நாரை வைத்துப் பாசியைத் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து சிவப்புப் பெயிண்டில் ஒரு போன் நம்பர் வந்தது. பக்கத்தில் பேரும் வந்தது. தேவரட்ணம்.

அப்போதே மறுபடியும் பாசியை அப்பியிருக்க வேண்டும். ஏன் போன் போட்டாய், எதற்காகப் போட்டாய் என்று இந்தப் பதினான்கு நாளில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள், அவளுக்கே பதில் தெரியாது. நம்பர் இருந்தது, போட்டேன். கேன்ல நம்பர் எழுதுறவன் எதுக்கு எழுதுறான், யாராவது போடுவாங்கன்னுதான. எடுத்த ஆள், ஆர் கதைக்கிறது என்றார். இவள் ஊரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, எத்தினை பாகம் நீளத்துக்கு வலை கிடைச்சது பிள்ளை என்று கேட்டார். வலையில்லண்ணே, கேன் மட்டுந்தான் என்று சொல்ல அவளுக்கு அப்படியொரு வெட்கமாகப் போய்விட்டது. ஏசுவார் என்று காதை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் ஏசவில்லை. மனுசி தோட்டைக் கழட்டித் தந்து கட்டின வலை, இனி பெடியளை வேற வேலைக்குத்தான் அனுப்ப வேணும், எண்டாலும் எடுத்துச் சொன்னியே, உங்கட கரையில இருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்ததில்லை என்றார். அப்புறம் இவள் ஒரு பைத்தியக்காரக் கேள்வி கேட்டாள், காலையில என்ன சாப்டீங்கண்ணே என்று. பாணும் சம்பலும் என்றார். பாண் என்ற சொல்லுக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது, பன்னா என்று கேட்டாள், அவரும் சிரித்தார். கொலைவெறி பிடித்தவன் காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டிருக்கிறான்.

அந்தச் சிரிப்பில்தான் கட்டுரை பிறந்தது. மறைமாவட்டத்து மாசப் பத்திரிகையில் எப்போதாவது எழுதுவாள், பாதி பேர் அதைக் கருவாடு பொதியத்தான் வாங்குகிறார்கள். எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அக்கரைக்காரன் நல்லவன் என்று ஆரம்பித்தால் ஒருத்தனும் இரண்டாவது வரிக்கு வரமாட்டான். ஆகவே நம்ம துக்கத்தில் ஆரம்பித்தாள், நம்ம செத்தவர்களின் பேரைச் சொன்னாள், அவர்களுக்காக அழுதாள், வாசிக்கிறவன் ஆமா ஆமா என்று தலையாட்டிக்கொண்டே வரும்போது அவன் கையைப் பிடித்து மெதுவாகக் கடலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவன் நல்லவன் என்று எங்கேயும் எழுதவில்லை. பாணும் சம்பலும் என்று எழுதினாள், பெண்டாட்டி கழற்றிய தோட்டை எழுதினாள், போனில் ரொம்ப நேரம் பேச்சில்லாமல் இருந்ததை எழுதினாள். நம்ம கரையில் நம்ம சண்டைக்காரன் சாமானுக்கே மைக் போடுகிறோமே, இவனுக்கு ஏன் போடவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், பாவி. மனு எழுதிய கையாயிற்றே. தேதி இல்லாத மனுவைக் கலெக்டர் ஆபீசில் குப்பையில் போடுவார்கள், நேரம் இல்லாவிட்டால் பொய் என்பார்கள், படகு எண் இல்லாவிட்டால் எந்தப் படகு என்பார்கள், ஆகவே ஊரிலிருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் வராத புத்தி அவளுக்கு வந்தது, கட்டுரையின் நடுவில் அழகாக எழுதினாள், ஜனவரி இருபத்திமூன்று செவ்வாய், விடியற்காலை ஐந்து மணி, படகு எண் முந்நூற்று நாற்பத்தொன்று, ஓட்டியது என் தம்பி. நிஜம் என்று நம்பட்டும் என்று எழுதினாள். நம்பிவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போனில் விட, அது கடலைத் தாண்டிப் போய், அக்கரைச் சங்கத்து வக்கீல் கையில் குற்றப்பத்திரிகைக்குத் துணையாகச் சேர்ந்துவிட்டது.

“மயினி, மணி ஆகுது” என்றாள் ஜெனிட்டா. சங்கத்துக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை. பிரகாசி தலையாட்டிவிட்டு எழுதினாள், ‘தேவரட்ணம் என்று ஒரு நபர்’. ஜெனிட்டா அவளை ஒரேயொரு தடவைதான் ஏசினாள், செய்தி வந்த அன்றைக்கு, ஒங்க எழுத்த வாசிச்சுக் காட்டாம இருந்திருந்தா எம் புருசன் வீட்ல இருந்திருப்பாரு என்று. அதை நினைக்கக் கூடாது என்று பிரகாசி ராத்திரி பகலாக ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறாள், அது சுற்றிக்கொண்டு மறுபடி இங்கேயே வந்து நிற்கிறது. ரெமிக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். பத்திரிகை வந்த அன்றைக்கு அவனை உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டினாள். சண்டை போடுவான் என்று நினைத்தாள். சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டேயிருந்தான், அந்தாளு ஏசலையாக்கா என்று மட்டும் கேட்டான், ஏசலடா என்றாள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய் அடுப்படி வாசலில் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறந்தான் இது நடந்தது. மார்ச் பத்தொன்பது செவ்வாய், விடியற்காலை ஐந்தே முக்கால். இதோ, இப்போதும் தேதியோடுதான் வருகிறது. நாலைந்து படகு சேர்ந்து இழுத்துக்கொண்டு போனபோது முன்னால் அக்கரைக்காரர் வலை கிடப்பதைக் காட்டும் கொடிகள் தெரிந்திருக்கின்றன, மற்றவர்கள் அதன்மேலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ரெமி மட்டும் எஞ்சினை அடக்கி மடியைத் தூக்கச் சொல்லியிருக்கிறான். மடியைத் தூக்க இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் படகு நின்ற இடத்தில் நிற்கும், தப்பி ஓட முடியாது. நின்ற படகைத்தான் நேவி பிடித்தது. மேலே இழுத்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கரைக்கு வந்து, இவனுக்கு என்ன கிறுக்கா பிடிச்சுது என்று ஜெனிட்டாவிடம் சொன்னார்கள்.

கருவாடு பொதிகிற பத்திரிகையை இந்தக் கரையில் வாசித்தவன் எத்தனை பேரோ, அதில் மனசு மாறினவன் ஒருத்தன். அந்த ஒருத்தன் தம்பி. எழுதியது பலித்திருக்கிறது, ஊரில் எவன் எழுத்துக்கும் இப்படிப் பலித்ததில்லை, பலித்ததால் அவன் கம்பிக்குள் இருக்கிறான், எவனைப் பார் பார் என்று இவள் காட்டினாளோ அவனைப் பார்த்துவிட்டான், பார்த்ததால் நின்றான், நின்றதால் பிடிபட்டான். பார்க்காமல் இழுத்துக்கொண்டு போனவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் மடியைத் தூக்கியதை இப்போது யார் சொல்வது? பார்த்த நாலு படகுக்காரனும் கோர்ட்டில் போய்ச் சொன்னால் தாங்களும் அங்கே இழுத்தோம் என்றாகிவிடும், சொல்லமாட்டார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே எழுது பிரகாசி. தேவரட்ணம் என்று ஒரு நபர் இல்லை. அந்த நபருடன் நான் தொலைபேசியில் பேசியதும் இல்லை. கேனும் இல்லை. கதைச்சுவைக்காகத் தேதி, நேரம், படகு எண் முதலியவற்றை நானே சேர்த்துக்கொண்டேன். பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. இருபத்தோரு வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவள் எழுதியதில்லை, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, யார் வாசித்தாலும் நம்புவார்கள். ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்ப வைப்பதற்கு எத்தனை நாள் கஷ்டப்பட்டாள், இல்லை என்று நம்ப வைப்பதற்கு அரைப்பக்கம் போதுமாயிருந்தது. கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

தொபியாஸ் மாமா தாளைச் சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை படமெடுத்தார். அனுப்பினார். “போயிருச்சு. வக்கீல் பாத்துட்டாரு” என்று செல்போனை இவள் பக்கம் திருப்பிக் காட்டினார், இரண்டு நீலக் கோடு இருந்தது. மணி பத்து நாற்பத்தெட்டு. “இனிமே ஆண்டவர் விட்ட வழி. எல்லாம் நல்லபடியா முடியும்மா, அவன் வந்துருவான்” என்றார், அவர் அவளுக்காக நிஜமாகவே பரிதாபப்பட்டார், அது தெரிந்தது. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், இவள் தொடவில்லை. வந்துவிடுவான். வந்தால் என்ன கேட்பான்? அக்கா, அந்தாளு நெசமாவே இருக்காரா, நீ சும்மா எழுதுனியா என்று கேட்பான். கோர்ட்டில் இதை அவனுக்கும் வாசித்துக் காட்டுவார்களே. இல்லாத ஆளின் வலைக்காகவா நான் மடியைத் தூக்கினேன் என்று நினைப்பானே. கடவுளே, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் கூண்டில் நின்று இதைக் கேட்பானே.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் மடியிலிருந்த போன் அடித்தது. அக்கரை நம்பர். பேர் போட்டு வைக்கப் பயந்து வெறும் நம்பராக வைத்திருந்த நம்பர், கேனைத் தேய்த்துத் தேய்த்து மனப்பாடமான நம்பர். எடுக்காதே என்றது மனசு, விரல் எடுத்துவிட்டது.

“பிள்ளை, நான் கோட்டு வாசல்ல நிக்கிறன்” என்றார் தேவரட்ணம். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. “வலை போன ஆக்கள் எல்லாரையும் எங்கட சங்கம் கூட்டிக்கொண்டு வந்தது. நான் வந்தது வேற விசயத்துக்கு. அண்டைக்கு விடிய நானும் கடல்லதான் நிண்டனான். உங்கட போட்டுகள் இழுத்துக்கொண்டு வந்ததில ஒண்டு மட்டும் நிண்டு மடியைத் தூக்கினது. கண்ணால கண்டனான். ஏன் தூக்கினவன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. அதைத்தான் நேவி பிடிச்சது. பேப்பரில நீர் எழுதின தம்பி அவனோ எண்டு கேட்டுப்போட்டு, உள்ள போய் நீதவானிட்டச் சொல்லுவம் எண்டு வந்தனான்.” இங்கே நிறுத்தினார். “இப்பதான் அதை உங்கட லோயரிட்டச் சொல்லப் போனன், அவர் ஒரு கடிதம் வாசிச்சுக் காட்டினவர். நான் எண்டு ஒரு ஆளே இல்லையாம். உம்மட கையெழுத்தாம். எனக்குக் கோவமில்லை பிள்ளை, தம்பிக்காக எழுதியிருப்பீர். நான் அப்ப வெளிக்கிடட்டோ?”

ஜெனிட்டா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள், போனிலிருந்து குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும், மயினி, அவரா என்றாள், அவர்தான் என்று இவள் கண்ணால் சொன்னாள். தொபியாஸ் மாமா மேசைமேல் சாய்ந்து கையை நீட்டினார். “வச்சிரு பிரகாசி. எழுதிக் குடுத்தாச்சு. இப்ப மாத்திப் பேசுனா ரெண்டும் பொய்யின்னு ஆயிரும், பய மொத்தமாப் போயிருவான்.” அவர் சொல்வது நியாயம், ஒவ்வொரு எழுத்தும் நியாயம். வைத்துவிட்டால் ஒருவேளை ஒரு வருஷம், சொன்னால் ஒருவேளை இன்றைக்கே விடுதலை, ஒருவேளை எல்லாமே பொய்யாகிப் பல வருஷம், எது என்று யாருக்குத் தெரியும், தெரிந்துகொள்ள இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஆனால் அந்த ஆள் வாசலில் நிற்கிறார். கூட்டத்துக்கு நடுவில், செருப்புப் போட்டுக்கொண்டு, காலையில் எதையோ சாப்பிட்டுவிட்டு வந்து, நான் இருக்கிறேனா இல்லையா என்று இவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

“போகாதீங்கண்ணே” என்று கத்தினாள். “பொய்யி எழுதிட்டேன். நாந்தான் பொய்யி எழுதிட்டேன், நீங்க இருக்கீங்க. அது எந் தம்பிதான், ஒங்களுக்காகத்தான் மடியைத் தூக்குனான். உள்ள போயிச் சொல்லுங்க. எப்படிச் சொல்லணும்னா, கேக்குதாண்ணே, மொதல்ல தேதி சொல்லணும், தேதி இல்லன்னா ஏத்துக்கிட மாட்டாங்க. மார்ச்சு பத்தொம்போது, செவ்வாக்கெழமை. நேரம் விடியக்காலம் அஞ்சே முக்கால். படகு நம்பரு மூனு நாலு ஒன்னு. ஓட்டுனது ரெமிஜியஸ்.” மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். ஜெனிட்டா இவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது. போனில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் இரைச்சலும் குறைந்துவிட்டது. ஆள் இருக்கிறாரா, உள்ளே போய்விட்டாரா, முன்னமே வெளிக்கிட்டுப் போய்விட்டாரா? கேட்பதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தேதியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.